பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும் இல்லத்தில் குழந்தை விபத்துத் தடுப்பும்: பெரியகுளம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் பத்துப் பருவங்களாகப் பகுத்துக் காண்கிறது. இப்பகுப்பு, இல்லத்தில் நேரும் குழந்தை விபத்துகள் எந்த வயதில் எவ்வடிவில் நிகழ்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளவும் பயன்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டாரத்தில் தோட்டத் தொழிலுக்கும் கூலி வேலைக்கும் செல்லும் பெற்றோரின் அன்றாடச் சூழல் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. இடைவிடாத கவனிப்பை இப்பெற்றோரிடம் எதிர்பார்க்க இயலாது. ஆகவே, குழந்தை ஒரு பருவத்தை அடையும் முன்பே வீடு அப்பருவத்திற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதும், கவனிக்க ஆளில்லாத நேரத்திற்குச் செவிலி ஒருத்தி வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: பிள்ளைத்தமிழ், பருவம், செவிலி, குழந்தைப் பாதுகாப்பு, இல்ல விபத்து, பெரியகுளம், காப்பகம்

முன்னுரை

குழந்தையைப் பாடுபொருளாகக் கொள்ளும் மரபு தமிழில் தொன்மையானது. தொல்காப்பியப் புறத்திணையியல் அதற்கு இடமளிக்கிறது. பெரியாழ்வார் திருமொழி அதற்கு உயிர் கொடுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழில் அது முழுமையான சிற்றிலக்கிய வடிவம் பெற்றது. இவ்வகைமையை ஆய்ந்தோர் அணிநலம், பத்திமை, பாட்டுடைத் தலைவரின் பெருமை ஆகியவற்றையே பெரிதும் எடுத்துப் பேசியுள்ளனர். பருவப் பகுப்பின் அடியில் இருக்கும் உற்றுநோக்கல் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. குழந்தை எந்தத் திங்களில் தலையெடுக்கும், எப்போது அமரும், எப்போது நடக்கும் என்பதைப் பலகாலம் பார்த்துப் பார்த்து அறிந்தவர்களின் அறிவே பாட்டியல் நூல்களில் இலக்கணமாயிற்று.

அந்த அறிவை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வராகநதியின் வடகரையிலும் தென்கரையிலுமாக அமைந்துள்ள பெரியகுளம் நகரும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மாந்தோப்புகளைச் சார்ந்த அதன் சுற்றூர்களும் இதற்குப் பொருத்தமான களமாகின்றன. இங்குத் தந்தை, தாய் இருவருமே விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் குடும்பங்கள் பல.

'விபத்து' என்னும் சொல்

தொடக்கத்திலேயே சொல் பற்றிய தெளிவு தேவைப்படுகிறது. 'விபத்து' என்னும்போது எதிர்பாராதது, தடுக்க இயலாதது, விதிவசமானது என்னும் பொருள்கள் உடன் வந்து சேர்கின்றன. இதே குறைபாட்டைக் கருதியே பிரித்தானிய மருத்துவ இதழ் 2001ஆம் ஆண்டில், அச்சொல்லுக்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்க்க முடிவு செய்தது. காயங்களில் பெரும்பாலானவை முன்னறியக்கூடியவை, ஆகவே தடுக்கக்கூடியவை என்பது அவ்விதழின் வாதம். தமிழில் 'ஊறு', 'ஏதம்' என்னும் பழஞ்சொற்கள் இருப்பினும் அவை இன்று பேச்சில் இல்லை. எனவே இக்கட்டுரை 'விபத்து' என்னும் சொல்லையே ஆள்கிறது. எனினும் விதி என்னும் பொருளை அதிலிருந்து நீக்கியே ஆள்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெப் அமைப்பும் 2008ஆம் ஆண்டில் இணைந்து வெளியிட்ட உலக அறிக்கை, தற்செயல் காயங்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,30,000 குழந்தைகள் உயிரிழப்பதாகக் கணக்கிட்டது. நாளொன்றுக்கு 2,000க்கும் மேல் என்பது இதன் பொருள். இவ்விழப்புகளில் மிகப் பெரும்பகுதி குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்வது. அந்நாடுகளின் பெற்றோர் அன்பிற் குறைந்தவர்கள் அல்லர். அவர்களின் வீடும் வேலையும் அமைந்துள்ள விதமே வேறுபாட்டிற்குக் காரணம்.

அமெரிக்கப் பொதுநலவாழ்வு அறிஞர் வில்லியம் ஹாடன் இத்துறையில் ஓர் அடிப்படை வேறுபாட்டை நிறுவினார். ஒவ்வொரு முறையும் மனிதர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய பாதுகாப்பு ஒருவகை. ஒருமுறை அமைத்துவிட்டால் தானே தொடர்ந்து காக்கும் பாதுகாப்பு மற்றொரு வகை. 'கிணற்றருகே போகாதே' என்று சொல்வது முன்னது. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புவது பின்னது. ஓய்வில்லாத பெற்றோருக்குப் பின்னதே உதவும். 'கவனமாக இருங்கள்' என்னும் அறிவுரை, கவனத்திற்கு நேரமில்லாதவரிடம் சொல்லப்படும்போது அறிவுரையாக இராமல் பழிசுமத்தலாகவே முடிகிறது.

பருவங்களும் திங்களும்

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாற்பிள்ளைத்தமிழுக்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் அல்லது நீராடல் முதலியனவும் இறுதி மூன்றாக அமையும். மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் முடிய ஒற்றைப்படைத் திங்கள்களில் இவற்றைப் பாடுதல் என்பது பாட்டியல் மரபுகளுள் ஒன்று. இதன்படி செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15 எனத் திங்கள் அமையும். நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. அம்புலியை ஒன்றரை ஆண்டிற்குரியதாகக் கூறுவாரும் உளர்.

இன்றைய குழந்தை மருத்துவம் கூறும் வளர்ச்சிப் படிகளோடு இவ்வரிசையை வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வியப்பளிக்கும். நான்கு முதல் ஆறு திங்களுக்குள் குழந்தை புரளத் தொடங்குகிறது. ஆறு முதல் எட்டுக்குள் துணையின்றி அமர்கிறது. ஒன்பது, பத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துச் சிறுபொருளைக் கிள்ளி எடுக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றில் அடியெடுத்து வைக்கிறது.

வரிசையில் காப்பு முதலில் நிற்பதையும் கருத வேண்டும். குழந்தை தலை நிமிர்த்தும் முன்பே காவல் வேண்டப்படுகிறது. அதனைப் பாடும்போது கொலை, கொடுமை பற்றிய செய்திகளை விலக்க வேண்டும் என்னும் இலக்கண விதி, குழந்தையின் செவியில் எது விழலாம் என்பதைக்கூட அம்மரபு எண்ணிப் பார்த்தது என்று கொள்ள இடந்தருகிறது.

செங்கீரை முதல் முத்தம் வரை

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையெடுத்து ஆடுதல் செங்கீரை. அவ்வாறு ஆடும் குழந்தை எந்நாளும் புரளக்கூடும். நேற்றுவரை கட்டிலின் நடுவில் கிடத்திய இடத்திலேயே கிடந்த குழந்தை இன்று விளிம்பிற்கு வந்துவிடுகிறது. 'இன்னும் புரளவில்லை' என்னும் நம்பிக்கையே இப்பருவத்து வீழ்ச்சிகளுக்குக் காரணம். பாயில் தரையில் கிடத்தும் நம் வழக்கம் இவ்வகையில் கட்டிலைவிடப் பாதுகாப்பானது. புடைவைத் தூளி தாலாட்டிற்கு ஏற்றதே. எனினும் குழந்தை எழுந்து அமரத் தொடங்கியபின் அது விழுவதற்கும் கழுத்தில் துணி சுற்றிக்கொள்வதற்கும் வழிவகுக்கும். ஆகவே தால் பருவம் முடிந்து சப்பாணி தொடங்கும்போது தூளியையும் அவிழ்த்துவிடுவதே முறை.

சப்பாணி கொட்டும் கை, கிள்ளி எடுக்கும் கையுமாகும். எடுத்தது வாய்க்குச் செல்லும். நிலக்கடலை, புளியங்கொட்டை, சப்போட்டா விதை முதலியன மூச்சுக்குழலில் சிக்கக்கூடியவை. நிலக்கடலையின் எண்ணெய்ப்பசை நுரையீரலில் அழற்சியையும் உண்டாக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வட்டாரத்தின் பெருமையான அக்கனியை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுதாகக் கொடுத்தலாகாது என்பது பலர் அறியாதது. வழவழப்பான அவ்வுருண்டை குழந்தையின் மூச்சுக்குழலை இடைவெளியின்றி அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக அரிந்து, விதை நீக்கித் தருவதே தக்கது.

இவற்றோடு புதிதாகச் சேர்ந்த இடர், விளையாட்டுப் பொருள்களிலும் தொலையியக்கிகளிலும் உள்ள பொத்தான் மின்கலம். உணவுக்குழாயில் தங்கிய மின்கலம் இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்க வல்லது. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே ஊடுகதிர்ப்படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். மலத்தில் வந்துவிடும் என்று காத்திருத்தல் தவறு.

வருகை: நடைவண்டியும் நீர்வாளியும்

குழந்தையின் நடை இலக்கியத்தில் கொண்டாடப்படுகிறது. வீட்டு விபத்துகளின் வரலாற்றிலோ இதுவே திருப்புமுனை. பட்டினப்பாலை சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைக் குறிப்பிடுகிறது. அத்தேரை நினைவூட்டும் மூன்று சக்கர மர நடைவண்டியை அண்மைக்காலம் வரை நம் வீடுகளில் காணமுடிந்தது. குழந்தை அதன் பின்னே நின்று தள்ளுகிறது. கால் வலுப்பெற்ற அளவிற்கே வண்டி நகர்கிறது. இன்று அதனிடத்தைப் பிடித்துள்ள, உள்ளே அமர்த்திவைக்கும் நெகிழி நடைவண்டி இதற்கு நேர்மாறானது. நடக்கத் தெரியாத குழந்தைக்கு அது நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விரைவைத் தருகிறது. எட்டாத உயரத்தையும் எட்டச் செய்கிறது. படிக்கட்டில் உருளுதல், அடுப்பருகே செல்லுதல், கொதிக்கும் கலத்தை இழுத்தல் ஆகியவற்றிற்கு இது காரணமாவது கண்டு கனடா 2004ஆம் ஆண்டில் இவ்வகை வண்டியின் விற்பனையைத் தடைசெய்தது. குழந்தையை அதில் அமர்த்திவிட்டுச் சமைக்கலாம் என்னும் எண்ணத்தில் வேலைமிகுந்த பெற்றோரே இதனை விரும்பி வாங்குகின்றனர் என்பது இதிலுள்ள துயரம்.

பழைய வீட்டின் உயர்ந்த நிலைப்படி தவழும் குழந்தையை அறைக்குள்ளேயே நிறுத்தியது. தளவோடு பதித்த சமதரை வீடுகளில் அத்தடை இல்லை. அடுப்பங்கரை வாயிலில் முழங்கால் உயரப் பலகை ஒன்றைச் செருகிவைத்தால் நிலைப்படியின் பணியை அது செய்யும். பழைமை முழுவதும் பாதுகாப்பானது என்று இதனால் கொள்ளற்க. தரையில் அமைந்த விறகடுப்பும், வடித்த கஞ்சியைத் தரையில் வைக்கும் வழக்கமும் சுட்ட புண்களுக்கு இன்றும் காரணமாகின்றன. 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் பெரியவரின் தோலையே ஏறத்தாழ ஐந்து நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. விழாக்களில் பெருங்கலங்களில் சாம்பாரையும் இரசத்தையும் தரையில் ஆறவைப்பது உடனே கைவிடத்தக்கது.

நீர் பற்றித் தனியே கூற வேண்டும். முறைவைத்து வரும் குடிநீரைக் குடம், வாளி, பீப்பாய், தரைமட்டத் தொட்டி எனக் கிடைத்தவற்றிலெல்லாம் நிரப்பிவைப்பது இவ்வட்டார வீடுகளின் இயல்பு. குழந்தையின் தலை பிறப்பில் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்கு. எனவே வாளியின் விளிம்பைப் பற்றி எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாகச் சரிகிறது. ஓராண்டுக் குழந்தையின் எடை ஒன்பது, பத்து கிலோ. நீர் நிறைந்த 20 லிட்டர் வாளியின் எடை அதைப்போல் இருமடங்கு. ஆகவே வாளி கவிழ்வதில்லை, குழந்தையே கவிழ்கிறது. மூழ்கும் குழந்தை கூவுவதுமில்லை. பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஓசை எதுவும் கேட்பதில்லை. பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்துவைத்தல், பீப்பாய்க்கு இறுகும் மூடி, தொட்டிக்குப் பூட்டுள்ள இரும்பு மூடி ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. ஒருமுறை பழகிவிட்டால் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியதும் இல்லை.

வீட்டை ஒட்டிய நிலமும் வீட்டின் பகுதியே. 2019 அக்டோபரில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே பயன்பாடற்றுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாட்கணக்கில் நீண்ட மீட்புப்பணி பயனளிக்கவில்லை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடிமுதல் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என உச்சநீதிமன்றம் 2010ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருந்தது. நிலத்தடி நீர் இறங்கியபோதெல்லாம் புதுத்துளை இட்ட தோப்புகள் நிறைந்த மலையடிவாரத்தில் அந்நெறிமுறை ஒவ்வொரு நில உடைமையாளரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவது.

அம்புலி: எட்டும் கை

அம்புலியை அழைக்கும் குழந்தை எட்டாததை எட்ட விரும்பும் குழந்தை. அது மேசைமேல் ஏறுகிறது. பெரியவர் செய்வதைச் செய்கிறது. புட்டியிலிருந்து அவர்கள் குடிப்பதைக் கண்டு தானும் குடிக்கிறது.

மாவிலும் வாழையிலும் காய்கறியிலும் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லியைக் கடையிலிருந்து சிறிதளவு குளிர்பானப் புட்டியில் ஊற்றி வாங்கிவரும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. குழந்தை அறிந்தது புட்டியின் வடிவத்தையும் நிறத்தையுமே. எனவே மூலக்கலத்திலிருந்து மாற்றாமை முதல் விதி, பூட்டிய பெட்டி இரண்டாவது. மருந்து தெளித்த உடையோடு குழந்தையைத் தூக்குவதும் நஞ்சைத் தோல்வழிச் சேர்க்கும் செயலே. எலிக்கு வைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிக்கவல்லது. உறியில் பாலும் தயிரும் தொங்கவிட்ட நம் முன்னோர் பூனைக்கும் பிள்ளைக்கும் ஒருசேர எட்டாத உயரத்தைக் கண்டறிந்திருந்தனர். உறி இன்று மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வரவேண்டிய பூட்டிய நிலைப்பேழை பெரும்பாலான வீடுகளில் வரவில்லை. கொல்லையில் அரளி, ஊமத்தை, வேலியோரக் காட்டாமணக்கு ஆகியவற்றின் காய்களும் விதைகளும் சிறுவர் விளையாட்டில் வாய்க்குள் போவன. நிலக்கடலைச் சுவையை ஒத்த காட்டாமணக்கு விதையைப் பல சிறுவர் ஒருசேர உண்டு மருத்துவமனைக்கு வருவது தமிழகத்தில் திரும்பத்திரும்ப நிகழ்கிறது.

இங்கு முதலுதவி பற்றிய சில தவறான பழக்கங்களைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு உப்புநீர் கொடுத்து வாந்தி வரவழைக்கின்றனர். நீர்மை மிகுந்த அந்த எண்ணெய் வாந்தியின்போது நுரையீரலுக்குள் இறங்கி முன்னினும் பெருந்தீங்கு செய்யும். சுட்ட புண்ணில் பற்பசை, மை, மாவு தடவுகின்றனர். வேண்டுவது இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் மட்டுமே. தொண்டையில் சிக்கியதைக் காணாமலேயே விரல் விட்டுத் துழாவுவது அதனை மேலும் உள்ளே தள்ளும். ஓராண்டுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்துமுறை தட்டுதலும், திருப்பி மார்பின் நடுவே இரு விரலால் ஐந்துமுறை அழுத்துதலும் மாறிமாறிச் செய்யத்தக்கவை. 108 ஊர்திக்கு இன்னொருவர் சொல்லியனுப்ப வேண்டும்.

செவிலி இல்லாத வீடு

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் தம்மைச் செவிலித்தாயரின் நிலையில் வைத்துக்கொள்கிறார். அகப்பாடல்களிலும் நற்றாயினும் மிகுதியாகப் பேசுபவள் செவிலியே. குழந்தையை வளர்ப்பது பெற்றவள் ஒருத்தியால் மட்டும் இயல்வதன்று என்பதை இலக்கியம் இயல்பாகவே ஏற்றிருந்தது. பெருங்குடிப் பிள்ளைக்கே செவிலி வாய்த்தாள் என்பது உண்மைதான். எளியோர் வீட்டில் அப்பணியைச் செய்தவள் பாட்டி.

இன்று போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து வைகறையில் ஜீப்புகளில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் பலர். பெரியகுளம் பகுதியில் தோப்பு வேலைக்கும் நூற்பாலைக்கும் செல்வோர் உளர். பாட்டியும் பல வீடுகளில் கூலிக்குச் செல்கிறாள். எஞ்சுபவள் எட்டு, ஒன்பது வயது அக்கா. அவளிடம் ஒப்படைக்கப்படும் குழந்தையும், பள்ளியை விட்டு நிற்கும் அவளும் ஒரே குறையால் பாதிக்கப்படுகின்றனர்.

சட்டங்கள் இக்குறையை அறியாதவை அல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பதும் அதற்கு மேலும் பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ மேலோ வந்தால் பெண் ஒருவரை அவர்களைக் காக்க அமர்த்தச் சொன்னது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம் ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தை விதித்தது. இவை அனைத்தும் குழந்தை பணியிடத்திற்கு வரும் என்று கொள்கின்றன. மாநில எல்லை கடந்து மலையேறும் ஜீப்பில் கைக்குழந்தைக்கு இடமில்லை. அது பள்ளத்தாக்கில் வீட்டிலேயே தங்குகிறது.

1975ஆம் ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஊர்தோறும் உள்ளன. ஆனால் பகலில் மையத்தில் தங்கும் முன்பருவக் கல்வி ஏறத்தாழ இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கே. அதற்கு இளையோர்க்குச் சத்துமாவு வீட்டிற்கு வழங்கப்படுகிறது. அதாவது, சப்பாணி முதல் சிறுதேர் வரையிலான, பாட்டியல் இருபத்தொன்றாம் திங்களோடு நிறுத்திக்கொள்ளும் அதே காலம் முழுவதும் குழந்தை மையத்திற்கு வெளியே நிற்கிறது. விபத்து மிகுந்த காலமும் அதுவே.

இவ்விடைவெளியை நிரப்பிய முயற்சிக்கு வங்கதேசம் சான்றாகிறது. குளங்களும் ஓடைகளும் சூழ்ந்த அந்நாட்டுச் சிற்றூர்களில் தாய்மார் வீட்டுவேலையில் ஆழ்ந்திருக்கும் முற்பகல் நேரத்திலேயே இளங்குழந்தைகள் மிகுதியாக மூழ்குவதை ஆய்வாளர் கண்டனர். எனவே 'ஆஞ்சல்' எனப்படும் ஊர்க்காப்பகங்களை அதே ஊர்ப் பெண் ஒருவரின் வீட்டில், காலை ஒன்பது முதல் பகல் ஒன்று வரை நடத்தினர். 'ஆஞ்சல்' என்பது அங்குத் தாயின் புடைவை முந்தானையைக் குறிக்கும் சொல். காப்பகத்தில் சேர்ந்த குழந்தைகளிடையே நீரில் மூழ்கும் இறப்பு 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. மருந்தோ கருவியோ இதில் இல்லை. எந்த நேரத்தில் ஆள் தேவை என்பதை அறிந்து அந்த நேரத்தில் ஆளை அமர்த்தியதே இம்முயற்சி.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த 'பால்னா' திட்டம் ஆறு திங்கள் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு இணைந்த காப்பகத்தை அமைக்க வழிசெய்கிறது. பெரியகுளம், போடி, கம்பம் வட்டாரங்களில் இத்தகைய காப்பகம் அமையுமாயின் அதன் நேரத்தை அலுவலக வழக்கப்படி காலை ஒன்பதரைக்கு வகுத்தலாகாது. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் ஜீப் புறப்படும் வைகறையிலும், மாம்பருவத்தில் காய் பறிப்போர் தோப்பிற்குச் செல்லும் காலையிலும் அதன் கதவு திறந்திருக்க வேண்டும்.